எண்ணூரில் விழுந்த விண்கல்

(திருவொற்றியூரில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆலையிலும் துறைமுகத்திலும் பகல் ஷிப்டை முடித்துக்கொண்டு களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே,

படிப்பகத்தில் சினிமாவைப் பற்றிப் பேச அழைக்கிறார்களே என்று முதலில் எனக்குச் சிறிது வியப்பு உண்டாயிற்று. ஆயினும், புத்தக அலமாரிகளின் பக்கத்தில் படங்களுக்கும் ஓர் அலமாரி வைக்க நிர்வாகிகள் உத்தேசித்திருக்கிறார்கள் என்றும், உறுப்பினர் பலர் தத்தம் இல்லங்களிலேயே அவ்வாறு ஒரு சேகரம் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், அதில் விஞ்ஞானப் புனைகதைப் படங்களுள் எவற்றை வாங்குவது, எவற்றை விடுவது என்பதில்தான் தகப்பனுக்கும் மகனுக்கும் தகராறு என்றும் அறிந்தபோது, இது பேசத் தகுந்த விஷயமே என்று தெளிந்தேன்.

கைபேசியைத் தொட்டால் உலகத்துப் படமெல்லாம் ஓடுகிற இக்காலத்தில் வீட்டில் படம் சேர்ப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சந்தா கட்டிப் பார்க்கிற படம் நம்முடைய படமன்று. கம்பெனிகளுக்குள் செய்துகொண்ட உரிம ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அது சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட எஞ்சாமல் அழிந்துபோன நாட்டிலே, படங்களைப் பாதுகாக்கும் பொறுப்பை வியாபாரிகளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்க என்னால் முடியவில்லை. இப்பகுதி மக்களுக்கோ படம் சேர்ப்பது புதிய பழக்கமும் அன்று. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழரின் ஜீவனத்துக்காக 1969-இல் துறைமுகத்தின் எதிரிலேயே ஏற்பட்ட பர்மா பஜாரில், வீடியோ காசெட் காலந்தொட்டு நாம் வாங்காத படமா? அவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள் என்பதை இந்தச் சபையில் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. 2007-இல் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது, திருட்டுப் பிரதி வாங்குவதற்கு நாம் சொல்லிவந்த வறுமை என்னும் சாக்கும் பெரும்பாலும் போயிற்று.

இனித் தெரிவுக்கு வருவோம். 1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில், திறந்து பார்த்தவர் தமக்குப் பிரியமானவரைக் காணும்படியான பிரியதர்சினிப் பெட்டி ஒன்று வருகிறது. துபாயில் வேலை செய்யும் தகப்பனாரை நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் காண்பதற்கும் அதற்கும் காட்சியளவில் வேற்றுமை ஏதுமில்லை. இருந்தும் அந்த அற்புதமான படத்தை நான் விஞ்ஞானப் புனைகதையின் தட்டில் வைக்கமாட்டேன். ஏனெனில் அப்பெட்டியைச் செய்தவன் யார், அது எதனால் இயங்குகிறது, பழுதானால் என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. விஞ்ஞானக் கதை எழுதுகிறவனுக்கு ஒரேயொரு பொய் சொல்ல உரிமை உண்டு. காலத்தைக் கடக்கும் யந்திரம் உண்டு என்றோ, சிந்திக்கும் இரும்பு மனிதன் உண்டு என்றோ அவன் சொல்லும் அந்த ஒரு பொய்யை நாம் ஒப்புக்கொண்ட பிறகு, மற்றதெல்லாம் நியாயத்தின் வழியே நடந்தாக வேண்டும். இரண்டாவது பொய்யைச் சொல்லும்போதே அவன் மந்திரவாதி ஆகிவிடுகிறான்.

இது எவ்வூர் ரசிகருக்கும் பொருந்துகிற சோதனை. இந்த ஊர்க்காரர்களாகிய நமக்கென்று மற்றொரு சோதனையும் உண்டென்பது என் அபிப்பிராயம். தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை முதல் தேதி புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கி எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனி வளர்ந்தது இந்தத் திருவொற்றியூரில். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், அசோக் லேலண்டின் லாரியும், 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் மின்சாரமும் இக்கரையில் பிறந்தவையே. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்பினால், வானம் தெளிந்த நாளில் அதன் புகைத்தடத்தை நம் மொட்டை மாடியிலிருந்தே காண்கிறோம், அந்நாளில் கடலுக்குப் போகக்கூடாதென்று தடுக்கப்படுகிற பழவேற்காட்டு மீனவரையும் அறிவோம். மற்றவர்கள் கற்பனையில் சந்திக்கிற யந்திர யுகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருந்து வருகிற நமக்கு, ஒரு படத்தைப் பார்த்து, இந்த யந்திரத்தை ஓட்டுகிறவன் யார், இதன் புகையைச் சுவாசிக்கிறவன் யார் என்று கேட்க மற்ற எவரையும்விட அதிக பாத்தியதை உண்டு. அக்கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற படங்களையே நான் முதல் தட்டில் வைப்பேன்.

தமிழ்ப் படங்களிலிருந்து தொடங்குகிறேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியொன்றுடன் கூட்டுச் சேர்ந்து எடுத்து 1952-இல் வெளியிட்ட 'காடு', உலகத்திலிருந்து மறைந்துபோன ரோமயானைகள் இந்தியக் காட்டில் இன்னும் உலவுவதாகக் கூறுவது. சரித்திரத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம், இருமுறை பார்க்க இயலாது. 1963-இல் காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'யின் கதை வேறு. யூரி ககாரின் விண்வெளி சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. தும்பா என்ற மீனவக் குப்பத்திலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் எழும்புவதற்கோ இன்னும் சில மாதங்கள் இருந்தன. அப்போதே நம்மவர் பறக்கும் தட்டில் ஏறி வேற்றுக் கிரகம் போய்விட்டார்கள். அட்டையும் தகரமுமான அதன் அரங்குகளைக் கண்டு இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதன் கதைக்கருவைச் சிந்தித்துப் பாருங்கள்: விஞ்ஞானத்தில் முதிர்ந்துவிட்ட ஒரு கிரகத்தார், தங்களிடம் கலை இல்லையே என்ற குறையால், இசை வல்ல ஒரு பெண்ணைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்கிறார்கள். அக்காலத்து மேல்நாட்டுப் படங்களில் வேற்றுக் கிரகத்தார் நிலத்துக்கும் இரத்தத்துக்கும் ஆசைப்பட்டு வந்துகொண்டிருக்க, நம் படத்துக்கு வந்தவர்கள் மட்டும் பாட்டு வாத்தியாரம்மாவைத் தேடி வந்தார்கள் என்பதில் எனக்கு அளவிறந்த பெருமை உண்டு.

1986-இல் சுஜாதாவின் எழுத்தில் வந்த 'விக்ரம்' படத்தில் 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணை களவு போகிறது. மூன்றாண்டு கழித்து, 1989 மே மாதத்தில், நம் அரசாங்கம் 'அக்னி' என்ற ஏவுகணையையே பரிசோதித்தது. பிற்பாதியில் ராஜா ராணிக் கதையாக மாறிவிடுகிற அந்தப் படத்தை முற்பாதிக்காக வாங்கலாம். ஆனால் 2010-ஆம் ஆண்டின் 'எந்திரன்' முழுதாகவே வைத்திருக்கவேண்டியது. நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. நூறு ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் உருமாறுகிற கடைசி அமளி எனக்கு அயர்ச்சியையே தந்தது. நடுவில் ஒரு தீ விபத்து வருகிறதே, அதுதான் படம். எரிகிற கட்டடத்திலிருந்து மனிதர்களை ஒவ்வொருவராக மீட்கும் சிட்டி என்ற ரோபோ, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்தக் கோலத்திலேயே தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தின் நடுவே, தொலைக்காட்சிக் காமிராக்களின் முன் நிறுத்துகிறது. மானம் தாளாமல் ஓடிய அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளையை யந்திரம் ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. உயிரினும் பெரிதாக மனிதர் ஒன்றைக் கருதுவார்கள் என்பது அதற்குக் கொடுத்த கட்டளையில் இல்லை. ஐசக் அஸிமோவ் வகுத்த ரோபோ விதிகளைப் பற்றி அவர் காலந்தொட்டு நடந்துவருகிற விவாதத்தில், தமிழ் நாட்டின் சமூகத்திலிருந்தே எடுத்த ஓர் உதாரணத்தை அந்த ஐந்து நிமிஷம் சேர்த்திருக்கிறது.

ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) சிறிய படம். செலவு குறைந்த படம். தமிழில் நான் சொன்ன ஒரு பொய் விதிக்கு அடங்கி நடந்த படங்களுள் அதை முதலாவதாகவே கருதுகிறேன். எதிர்காலத்திலிருந்து வந்த கால யந்திரம் வேலையில்லாத இரண்டு வாலிபர் கையில் அகப்பட்டால் உலகத்தையா மாற்றுவார்கள்? ஜோசியம் என்ற பெயரில், காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். யந்திரம் புதியது, ஜீவனோபாயம் பழையது! அவர்கள் அறியாமல் இறந்தகாலத்தில் செய்த ஒரு மாறுதலால் சாகவேண்டிய ரௌடி பிழைத்துவிட, அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் ஒழுங்கு பாராட்டத் தக்கது. '24', 'மாநாடு' ஆகிய இரண்டும் காலத்தோடு விளையாடுகிற கெட்டிக்காரப் படங்களே. தட்டில் இடம் மிஞ்சினால் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு படத்தைப் பேசாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். 2018 ஜூன் மாதம் வெளிவந்த 'டிக் டிக் டிக்', விண்வெளியைக் களமாகக் கொண்ட இந்தியாவின் முதற்படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 'கலை அரசி'யை விளம்பரக்காரர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு விண்கல் பூமியில் வந்து விழுகிறது. எங்கே? நம் எண்ணூரில். சில உயிர்கள் மடிகின்றன. அதற்குப் பின்னால் அதைக் காட்டிலும் பெரிய கல்லொன்று வங்கக்கடலை நோக்கி வருவதை விஞ்ஞானிகள் கண்டறிய, அதைத் தகர்க்கக் கதாநாயகன் விண்கலத்தில் ஏறுகிறான். எண்ணூரை அதன் பிறகு படம் திரும்பியும் பார்ப்பதில்லை. பெரிய ஆபத்துக்கு அறிகுறியாகச் சிறிய ஆபத்து ஒன்று வேண்டும், அது நேர்வதற்குத் தோதான இடம் எண்ணூர் என்று எழுதுகிறவர் பேனா தானாகவே போய் நின்றிருக்கிறது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. துறைமுகம் வேண்டும், சாம்பல் குளம் வேண்டும், எண்ணெய்க் குழாய் வேண்டும் என்றெல்லாம் வரைபடத்தில் விரல் வைத்தவர்களின் விரலும் இந்த இடத்துக்கே வந்தது அல்லவா? அந்தப் படத்தை வாங்கி வையுங்கள். கதாநாயகனின் சாகசங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முதற்காட்சி முடிந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, செத்தவர்கள் எந்தத் தெருக்காரர்களாய் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

ரவிக்குமாரே எடுத்த 'அயலான்' (2024), பூமியை ஆழத் துளைத்து ஒரு வாயுவை வெளிக்கொணர முனைகிற பெருமுதலாளியையும், அவனைத் தடுக்க வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிற ஒரு பிராணியையும் பற்றியது. ஜனவரி 12-ஆம் தேதி, பொங்கலுக்கு வெளியாயிற்று. அதற்குப் பதினேழு நாள் முன்னர், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, எண்ணூரில் பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியதும், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் இங்குள்ள சிலருக்குச் சொந்த அனுபவம். நகரத்தின் மற்றப் பாகங்களில் கற்பனையாய் ரசிக்கப்பட்ட அந்தப் படத்தை இங்குள்ள ஒரு கொட்டகையில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

மேல்நாட்டுப் படங்களில் மூலவர் ஸ்தானம் 1927-இல் ஃப்ரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்துக்கே. மேலே தோட்டங்களில் முதலாளிகளின் பிள்ளைகள் விளையாட, பூமிக்கடியில் தொழிலாளர் ஷிப்டு மாறுகிறார்கள்: ஒரு வரிசை உள்ளே, ஒரு வரிசை வெளியே, தலைகள் குனிந்தபடி. தொழிலாளி ஒருவன் கடிகாரம் போன்ற ஓர் இயந்திரத்தின் முட்களைக் கைகளால் பிடித்துத் திருப்பிக்கொண்டே நின்று சோர்வதைக் காணும்போது, வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட காலத்துப் பெரம்பூர் ஆலைகளை நினைக்காதிருக்க முடியாது. படத்தின் முடிவு மட்டும் எனக்கு உடன்பாடன்று. முதலாளியும் ஃபோர்மனும் கைகுலுக்குவதோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. கூலி எவ்வளவு உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. வெட்டி எறியப்பட்டுத் தொலைந்ததாகக் கருதப்பட்ட அதன் பகுதிகள் 2008-இல் பியூனஸ் அயர்ஸ் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் அகப்பட்டன. அவற்றைச் சேர்த்து 2010-இல் சீர்செய்த பிரதியையே கேட்டு வாங்கவேண்டும்.

காசிமேட்டு மீனவ நண்பர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது 1954-ஆம் ஆண்டின் ஜப்பானியப் படமான 'காட்சில்லா'. ரப்பர்ச் சட்டை போட்ட மனிதன் பொம்மை ஊரை மிதிக்கிற வேடிக்கை என்று அதை எண்ணியிருப்பவர்கள், அது எடுக்கப்பட்ட ஆண்டை நினைவில் கொள்ளவேண்டும். அவ்வாண்டு மார்ச் முதல் தேதி பிகினித் தீவில் அமெரிக்கர் வெடித்த நீரகக் குண்டின் சாம்பல், தொலைவில் சூரைமீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் பொழிந்தது. படகில் இருந்த இருபத்துமூவரும் நோயுற்றனர். கம்பியில்லாத் தந்திக்காரர் செப்டம்பரில் மாண்டார். பிடித்த மீனை வாங்க ஜப்பானே அஞ்சிற்று. நவம்பரில் வெளிவந்த அந்தப் படத்தில் முதலில் அழிகிறவை கப்பல்களும் ஒரு மீனவத் தீவுமே. 2017 ஜனவரியில் நம் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய பிறகு, மீனைக் கையில் வைத்துக்கொண்டு விலை போகாமல் நின்றவர்களுக்கு அந்தப் படத்தின் பயம் எங்கிருந்து வந்தது என்று எவரும் விளக்கவேண்டியதில்லை. 1956-இல் அமெரிக்கர் தங்கள் நடிகர் ஒருவரை இடையிலே புகுத்தி வெட்டி ஒட்டிய பதிப்பும் கடைகளில் கிடைக்கும்; அதை வாங்கிவிடாதீர்கள். அதே மரபில் வந்த கொரியப் படமான 'தி ஹோஸ்ட்' (2006), 2000-ஆம் ஆண்டில் சியோலின் அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றிய உண்மைச் சம்பவத்தைக் கருவாகக் கொண்டது. ஹான் நதியில் பூதம் தோன்றுகிறது. அதை எதிர்க்கிறவர்கள் நதிக்கரையில் தின்பண்டக் கடை வைத்திருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தார்.

துறைமுகத்துத் தோழர்கள் 1979-ஆம் ஆண்டின் 'ஏலியன்' படத்தைப் பேய்ப் படம் என்று ஒதுக்கக்கூடாது. அதில் வரும் நாஸ்ட்ரோமோ போர்க்கப்பலன்று. இரண்டு கோடி டன் தாதுப்பொருளை இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிற சரக்குக் கப்பல். ஏழு பேர் கொண்ட சிப்பந்திகளில் என்ஜின் அறைக்காரர் இருவர், விழித்தெழுந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் பேசுகிற பேச்சு, தங்களுக்கு மட்டும் போனஸ் ஏன் குறைவு என்பதே! அந்த வேற்றுயிரைக் கொண்டுவருவதே முக்கியம், சிப்பந்திகள் போனாலும் பாதகமில்லை என்று கம்பெனி முன்னமே இரகசிய உத்தரவு கொடுத்திருந்தது பின்னால்தான் தெரியவருகிறது. அதைப் பார்த்தவர்கள் 2009-ஆம் ஆண்டின் 'மூன்' படத்தையும் பார்க்கவேண்டும். சந்திரனில் சுரங்கம் நடத்தும் கம்பெனியில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தனியாளாய் வேலை செய்கிற ஒருவனுடைய கதை. காண்ட்ராக்ட் தொழிலாளரைக் கம்பெனி எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை அதைவிடத் துலக்கமாகச் சொன்ன படத்தை நான் கண்டதில்லை; முடிச்சை மட்டும் நான் அவிழ்க்கமாட்டேன்.

தர்க்கோவ்ஸ்கி ருஷ்ய மொழியில் எடுத்த 'ஸ்டாக்கர்' (1979) எல்லோருக்கும் உகந்ததன்று. இரண்டரை மணிக்கு மேல் நீளுவது. மூவர் நடந்துகொண்டே இருப்பார்கள். அரசாங்கம் வேலியிட்டுத் தடுத்த ஒரு பாழ்நிலத்துக்குள், நினைத்ததை நிறைவேற்றும் அறை ஒன்று உண்டென்று நம்பி, ஓர் எழுத்தாளனும் ஒரு விஞ்ஞானியும் வழிகாட்டியுடன் போகிறார்கள். விண்கலம் இல்லை. துருப்பிடித்த இரும்பும் தேங்கிய நீரும் புல்லுமே காட்சி. எஸ்தோனியாவில் கைவிடப்பட்ட மின் நிலையங்களின் அருகே அதைப் படம் பிடித்தார்கள். ஆற்றின் மேற்பக்கத்து ரசாயன ஆலையின் கழிவு நுரை நீரில் மிதந்து வந்ததாகக் குழுவினர் ஒருவர் பின்னாளில் கூறினார். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில், சாம்பல் படிந்த சேற்றில் இடுப்பளவு நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்களை அறிந்த கண்ணுக்கு அந்தப் படம் மெதுவாக நகர்வதாகத் தோன்றாது.

'2001: ஒரு விண்வெளிப் பயணம்' (1968) இல்லாத சேகரம் உண்டா என்பீர்கள். வைத்திருக்கத்தான் வேண்டும்; தொலைக்காட்சிப் பெட்டி பெரிதாக வாங்கிய பிறகு பார்க்கலாம். அதன் கதையில் பங்கு கொண்ட ஆர்தர் கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். சந்திரனில் புதைந்து கிடந்த ஒரு கருங்கல்லைத் தோண்டியெடுப்பதாகக் கதை எழுதிய அவரே, தம் நண்பருடன் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர் என்பது தமிழர் அறிந்திருக்கத் தக்க செய்தி.

வாங்குவதைப் பற்றியும் வைப்பதைப் பற்றியும் சில வார்த்தை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டிவிடி நம் கருவியில் ஓடாமல் போனால் தட்டின்மேல் பழி போடாதீர்கள். உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, இந்தியாவை ஐந்தாவது வட்டாரத்தில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பதிவு செய்த தட்டு, ஆலையில் அச்சிட்ட தட்டைவிடச் சீக்கிரம் கெடும். கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டாகையால் தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே வைத்து, வெயில் படாத சுவரோரத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். ஹார்டு டிஸ்கில் சேர்ப்பவர்கள் இரண்டு டிஸ்கில் சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பது ஒன்று வைத்திருப்பதற்குச் சமம்.

குழந்தைகளுக்கு எதைக் காட்டுவது என்று தலைவர் அவர்கள் மேடையேறுமுன் என்னைக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேல் 'வால்-ஈ' (2008): குப்பையை அடுக்கிக்கொண்டே இருக்கிற சிறு யந்திரம்; கொடுங்கையூர்க் குப்பைமேட்டு வழியாகப் போய்வருகிற பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது; முற்பாதியில் வசனமே அரிதாகையால் மொழியும் தடையாகாது. 'கலை அரசி' எந்த வயதுக்கும் ஆகும். 'காட்சில்லா'வைப் பத்து வயதில் காட்டலாம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு. 'ஏலியன்' பதினெட்டு வயது நிறையும் வரையில் மேல்தட்டில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அந்தப் படத்தைத்தான் முதலில் இரவல் கேட்பார்கள். கொடுக்கிறபோது வாங்குகிறவர் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.